எண் நூற்றுப் பதினேழு

தாக்காவுக்கு மேலே, கடல்மூட்டம் வந்து முட்டி நிற்கும் சரிவில்
ஷேக்கின் தோட்டம்.
மரமும் செடியுமாக முந்நூற்று நாற்பது. எல்லாம் அரியவை.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பித்தளைத் தகடு,
பதிவேட்டில் மாதத்துக்கு ஒரு வரி.
வரி எழுதுவது என் வேலை.
ஷேக் வருடத்தில் இரண்டு தரம் வருவார்,
பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போவார்.

சாம்பிராணி மரங்களுக்கு ஈரம் ஆகாது,
சரிவின் முதுகுப்பக்கம் நின்று காகிதமாய்த் தோல் உரிக்கும்.
எழுதினேன்.
பாலைரோஜா இலையே இல்லாமல் பூத்து நிற்கும்,
தொப்பை பெருத்த, வெட்கங்கெட்ட செடி.
எழுதவில்லை, நினைத்துக்கொண்டேன்.
வன்னியை காஃப் என்றார்கள், சரி என்றேன்.
உகாயின் வேரை மிஸ்வாக் என்று
வாயில் வைத்துக்கொண்டார் காவலர் முசல்லம்.
அதற்கும் சரி.

நூற்றுப் பதினேழுக்கு மட்டும் பெயர் இல்லை.
தகட்டில் எண், கீழே வெறும் கோடு.
முசல்லத்திடம் கேட்டேன்.
"ஒட்டகம் தின்னாது" என்றார்.
அது பெயரல்ல.

பெயர் இல்லாததால்
பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் இருபத்தொன்று. கரீஃப் இறங்கியது.
மூன்றாம் நாள் துளிர்.
இலை விளிம்பில் ஐந்து பல், ஆறாவது பாதி.
இரவெல்லாம் மூட்டத்தைப் பிடித்துப் பிடித்துச் சொட்டியது.
அடியில் பெயின்ட் டப்பா ஒன்றை வைத்தேன்,
காலையில் மூன்று விரல் தண்ணீர்.
பத்தடி தள்ளி, வெட்டவெளியில் வைத்த டப்பாவில்
அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசி. ஸர்ப்.
ரியாத் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டன,
கழுவிக் கவிழ்த்த வானம்.
இலைக் கக்கத்தில் கடுகளவு மொட்டுகள்.
விரிந்த நிறத்துக்குச் சொல் கிடைக்கவில்லை.
மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.
தில் பகதூர் தன் சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினான்.
அப்படியே எழுதினேன்:
தில்லின் காலர், நாற்பது முறை துவைத்தது.

டிசம்பரில் வடக்கே பாலையிலிருந்து காற்று.
நான்கே நாளில் மரத்தைக் கழற்றிப்போட்டது.
கீழ்க்கிளை ஒன்று மட்டும் கொடுக்கமாட்டேன் என்றது.
பதினோரு இலை.
தினமும் எண்ணினேன்.
சம்பளம் வராத மாதம் அது,
எண்ணுவதற்கு வேறெதுவும் இல்லை.

ஏப்ரலில், கைழ் தொடங்கி மண் கொதிக்கையில்
மஸ்கட்டிலிருந்து டாக்டர் ஸாலிமா வந்தார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
மொட்டைக் கிளையில் சுள்ளி ஒன்றை ஒடித்து முகர்ந்தார்,
நகத்தால் பட்டையைக் கீறினார்.
நான்கு நிமிடம்.
இரண்டு லத்தீன் சொல், பின்னால்
முதலில் விவரித்தவரின் சுருக்கப் பெயர்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
நெடுந்தூரம் எதிர் இருக்கையில் வந்த ஒருவர்
இறங்கும்போது, அவர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை
தெரியாமல் படித்துவிட்டதுபோல் இருந்தது.

புதுத் தகடு வந்தது.
அடுத்த ஜூன், என் வரி: துளிர்விட்டது, வழக்கம்போல்.
ஜூலை: வழக்கம்போல்.
கையெழுத்து என்னுடையதுதான்.
எந்தக் காலையில் துளிர்த்தது என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

புத்தகத்தில் ஆகஸ்டில் பூக்கும் என்று இருந்தது.
ஆகஸ்டில் பூக்கவில்லை.
'தாமதம்' என்று எழுதினேன்.
எழுதியபிறகு சிரிப்பு வந்தது.
யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறது அது?

சாயங்காலம் திரும்பப் போனேன்.
பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது,
கரீஃபின் கைங்கரியம்,
இரண்டாவது லத்தீன் சொல்லில் பாதிவரை.
கையில் துணி இருந்தது.
டப்பாவைத் துடைத்து
மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.